அந்தக் காசு திரும்பி வருமோ? விளம்பரத்தின் வரலாறும் எங்கட ஊரும்

கூகிளில 'தர்மபுரம்' எண்டு தமிழில் அடிச்சுப் பாருங்கோ. எங்கட போன்களில் முதலில் வந்தது தமிழ்நாட்டில், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிற தருமபுரம் ஆதீனம். பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கின சைவ மடம். அது முன்னுக்கு வாறதில எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. 'கிளிநொச்சி' எண்டும் சேர்த்து அடிச்சால்தான் எங்கட ஊர் வரும். அப்பவும் என்ன வருது? 2008 இன் கடைசியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இயங்கின செய்தி. 2009 ஜனவரியில் செல் விழுந்த செய்தி. சனம் விசுவமடுப் பக்கம் வெளிக்கிட்ட செய்தி. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இண்டைக்குத் திறந்திருக்கிற அரிசி ஆலையோ, தையல் கடையோ, மிளகாய்த்தூள் இடிச்சு விக்கிற அக்காவோ அதில இல்லை.

இந்தக் கட்டுரை அந்த அக்காவின்ர கேள்வியில இருந்துதான் தொடங்குது. அவவுக்கு ஒரு இணையத்தளம் செய்து குடுப்பம், கொஞ்சம் விளம்பரமும் போடுவம் எண்டு நாங்கள் போய்க் கதைச்சம். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "பிள்ளையள், அந்தக் காசு திரும்பி வருமோ?" எண்டா. எங்களிட்ட பதில் இருக்கேல்லை. 'இப்ப எல்லாரும் ஒன்லைன்ல தானே அக்கா' எண்டு இழுத்தம். அது பதில் இல்லையெண்டு அவவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவ கேட்டது சீட்டுக் காசைப் பற்றி. அதுக்கு முதல் ஒருத்தர் 'பூஸ்ற் பண்ணித் தாறன்' எண்டு வாங்கின காசுக்கு ஆயிரக்கணக்கில லைக் வந்தது. ஒரு பக்கற் தூளும் கூட விக்கேல்லை.

திரும்பி வந்து தேடிப் பார்த்தால், இந்தக் கேள்வி நூறு வருசத்துக்கு மேலாக் கேட்கப்பட்டு வருது. அதுக்குச் சொல்லப்பட்ட பதில்களின்ர வரலாறுதான் விளம்பரத்தின்ர வரலாறு.

கூப்பனும் பார்சலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கக் கம்பனிகள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமா விளம்பரம் போட்டன. விற்பனை கூடினால் விளம்பரத்தால் எண்டு சொல்லலாம், கூடாட்டில் காலம் சரியில்லை எண்டு சொல்லலாம். எந்த விளம்பரம் வேலை செய்தது எண்டு பிரிச்சுச் சொல்ல வழி இருக்கேல்லை.

வழி வந்தது ஒரு துண்டுக் கடதாசியால. விளம்பரத்தின் மூலையில் ஒரு கூப்பன் அச்சடிப்பினம். வெட்டி அனுப்பினால் சாம்பிள் வரும். ஒவ்வொரு பத்திரிகைக்கும், ஒவ்வொரு தலைப்புக்கும் வேற வேற குறியீடு. எந்தக் குறியீட்டோட எத்தனை கூப்பன் திரும்பி வருது எண்டு எண்ணினால், எந்த விளம்பரத்துக்குப் போட்ட காசு வீண் எண்டு தெரிஞ்சுபோகும். குளோட் ஹொப்கின்ஸ் எண்ட விளம்பர எழுத்தாளர் இதை ஒரு முறையாக்கி, 1923 இல் 'சயன்ரிபிக் அட்வர்டைசிங்' எண்ட புத்தகமா எழுதினார். சின்னதாச் செய்து பார், எண்ணு, பிறகு பெரிசாச் செய் எண்டதுதான் அதின்ர சாரம்.

இதே காலத்தில் சியர்ஸ் போன்ற கம்பனிகள் தடிச்ச பட்டியல் புத்தகங்களைக் கிராமங்களுக்கு அனுப்பித் தபாலில் வியாபாரம் செய்தன. அந்தப் பட்டியல்தான் அந்தக் காலத்து இணையத்தளம் எண்டு சொல்லலாம். ஆனால் பட்டியல் அழகா இருந்ததால மட்டும் அந்த வியாபாரம் வளரேல்லை. 1896 இல் அமெரிக்கத் தபால்துறை கிராமத்து வீடுகளுக்கே கடிதம் கொண்டுபோய்க் குடுக்கத் தொடங்கினது. 1913 இல் பார்சல் சேவையும் வந்தது. ஓடர் எடுக்கிறது ஒரு வேலை, பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது இன்னொரு வேலை. ரெண்டாவது இல்லாமல் முதலாவதுக்குச் செலவழிச்சால் நட்டம்தான்.

எங்கட பக்கமும் இதுக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கு. பிரித்தானிய இந்தியாவில் 1877 இல் வி.பி.பி. முறை வந்தது. பொருளைத் தபால்காரர் கொண்டு வருவார், வாங்கிறவர் அவரிட்டக் காசு குடுப்பார், அது வித்தவருக்குப் போய்ச் சேரும். தமிழ்ப் புத்தகமும் மருந்தும் ஊர் ஊராப் போனது இந்த வழியாலதான். இண்டைக்குக் கூரியர்காரர் வாசலில் நிண்டு காசு வாங்கிறதைப் புதுசெண்டு நினைக்கிறம். முகம் தெரியாத வியாபாரியை எப்பிடி நம்புறது எண்ட கேள்விக்கு நூற்றாண்டுக்கு முன்னமே கிடைச்ச பதில் அது.

கடிதம் எண்ணின வானொலி

அடுத்த பதில் கொழும்பில இருந்து வந்தது. 1950 செப்ரெம்பர் 30 இல் இலங்கை வானொலி தன்ர வர்த்தக சேவையைத் தொடங்கினது. ரெண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேசநாட்டுப் படைகளுக்காக வைச்ச சக்திவாய்ந்த ஒலிபரப்புக் கருவி ஏற்கனவே இஞ்ச இருந்தது. 1952 இல் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒதுக்கி வைச்சது. அங்க விளம்பரத்துக்கும் இடமில்லை. சனம் என்ன செய்யும்? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினது.

அந்த வருசமே பினாக்கா பற்பசை விளம்பரதாரரா இருந்து நடத்தின 'பினாக்கா கீத்மாலா' தொடங்கினது. அமீன் சயானி பேசினார். அந்த நிகழ்ச்சிக்கு வாராவாரம் ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிஞ்சன. பற்பசைக் கம்பனிக்கு வேற ஆதாரம் தேவைப்படேல்லை. கூப்பன் செய்த வேலையைக் கடிதம் செய்தது. தமிழ்ச் சேவையும் இதே வழியில் வளர்ந்தது. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்றவையின்ர குரலைப் பாக்குநீரிணைக்கு அங்கால இருந்த வீடுகளும் தங்கட வீட்டுக் குரலா நினைச்சுக் கேட்டன. 1957 இல் இந்தியா 'விவித் பாரதி'யைத் தொடங்கினது. 1967 இல் அதில விளம்பரத்துக்கும் இடம் விட்டது. ஒரு சின்னத் தீவின் வானொலி தன்ர சந்தையை எண்ணிக் காட்டினதால பெரிய நாடொண்டு கொள்கையை மாத்தவேண்டி வந்தது எண்டு சொன்னால் மிகையில்லை.

இதில நாங்கள் கவனிக்கிறது ஒரு விசயம். கடிதம் எழுதினவை விளம்பரத்துக்காக எழுதேல்லை. பாட்டுக்காக எழுதினவை. சனம் விரும்பி வாற இடம் ஒண்டை முதலில் உண்டாக்கி, அதுக்குப் பக்கத்திலதான் பற்பசையை வைச்சவை.

இணையம் வந்த பிறகு

1994 ஒக்ரோபர் 27 இல் அமெரிக்காவின் 'ஹொட்வயர்ட்' தளத்தில் முதல் பதாகை விளம்பரங்கள் வந்தன. ஏ.ரி. அன்ட் ரி. தொலைபேசிக் கம்பனியின்ர விளம்பரம் அதில ஒண்டு. இப்ப ஆர் பார்த்தது, ஆர் அமத்தினது எண்டு இயந்திரமே எண்ணத் தொடங்கீற்று. 2000 இல் கூகிள் தேடல் முடிவுகளுக்குப் பக்கத்தில் விளம்பரம் விக்கத் தொடங்கினது. ரெண்டு வருசத்தில, அமத்தினால் மட்டும் காசு குடுத்தால் போதும் எண்ட முறையையும் கொண்டுவந்தது. ஹொப்கின்ஸ் கூப்பன் வரும்வரை கிழமைக்கணக்கில் காத்திருந்தார், இதில ஒரு மணித்தியாலம் காணும்.

ஆனால் எண்ணுறது லேசான உடன, எதை எண்ணுறது எண்ட கேள்வி மறந்துபோச்சு. கூப்பனை வெட்டி, கடித உறையில வைச்சு, முத்திரை ஒட்டினவனுக்கு உண்மையாவே அந்தப் பொருள் வேணும். லைக் போடுறவனுக்கு விரல் அசைஞ்சால் போதும். அக்காவுக்கு நடந்தது இதுதான். அவவுக்குக் காட்டப்பட்ட கணக்குப் பொய் இல்லை. தேவையில்லாததை எண்ணின கணக்கு, அவ்வளவுதான்.

இலங்கையில் எதை எண்ணவேணும் எண்டு சரியாப் பிடிச்ச ஒரு தளத்தை எல்லாருக்கும் தெரியும். 2000களின் தொடக்கத்தில் வந்த கப்ருக. நாட்டுக்குள்ள இணையத்தில வாங்கிறவை அப்ப மிகக் குறைவு. அதின்ர ஆரம்ப வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்த இலங்கையர். அவை அங்க காசு கட்ட, இஞ்ச அம்மாவின்ர பிறந்தநாளுக்குக் கேக் போகும். பெயரின் அர்த்தம் கேட்டதைத் தாற மரம், எங்கட கற்பகதரு. நாங்கள் பனையை அந்தப் பெயரால சொல்லுவம். புலம்பெயர்ந்தவையை நம்பின வியாபாரம் எண்டால் அது முதலில் எங்கட பக்கமெல்லோ வந்திருக்கவேணும்? ஏன் வரேல்லை?

அப்ப வன்னி எங்க இருந்தது?

1990 இல் இருந்து பொருளாதாரத் தடை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எண்டு பட்டியல் நீளும். சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, பெடல் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்ட தலைமுறை எங்கட அம்மா அப்பா. அந்த ரேடியோவிலயும் விளம்பரம் கேட்டிருக்கும். விளம்பரத்தில சொன்ன சாமான் கடையில இல்லை. வெளிநாட்டில இருக்கிற மகனோட கதைக்க, பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய்க் கொமினிகேசன் கடை வாங்கில இருக்கவேணும்.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. கொழும்புச் சாமான் கிளிநொச்சிக் கடைகளுக்கு வந்தது. 2006 இல் நாடாளுமன்றம் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தை நிறைவேற்றினது. கணினி வழியாச் செய்யிற ஒப்பந்தத்துக்கும் சட்டம் மதிப்புக் குடுக்கும் எண்டு அது சொன்னது. அதே வருசம் ஓகஸ்டில் ஏ9 திரும்பப் பூட்டுப்பட்டது. நாடு இணையத்தில வியாபாரம் செய்யச் சட்டம் எழுதின வருசம், எங்களுக்கு றோட்டே இல்லாமல் போன வருசம். அரசாங்கத்தின் நெனசல நிலையங்கள் நாட்டின் கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டுபோன காலத்தில் நாங்கள் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தம்.

பிறகு முகாம். திரும்பி வந்தாப் பிறகு முதலில் வந்தது போன் ரவர். அதோட லீசிங் கம்பனியும், தவணைக்கு மோட்டச்சைக்கிளும், நுண்கடனும். விளம்பரம் இப்பதான் எங்கட வாசலுக்கு வந்தது, ஆனால் வாங்கிறவையா மட்டும்தான் எங்களைக் கண்டது. அதின்ர முடிவு தெரிஞ்சதுதானே. 2018 இல் வறட்சி பாதிச்ச மாவட்டங்களின் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது. எங்கட ஊரில ஒரு பொம்பிளை 'அந்தக் காசு திரும்பி வருமோ' எண்டு கேட்டால் அதுக்குப் பின்னால இந்த இருபத்தஞ்சு முப்பது வருசம் இருக்கு. அதைப் 'புதுசுக்குப் பயம்' எண்டு சொல்லுறவைக்கு வரலாறு தெரியாது.

தமிழ் தெரியாத தமிழ்ப் பக்கங்கள்

இன்னொரு தடையைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறதில்லை. 1995 இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில ஏத்தினார். அதுக்குப் பிறகு தமிழ்ப் பக்கங்கள் வேகமாப் பெருகின. ஆனால் ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு எழுத்துரு. இலங்கையில் பெரும்பாலும் பாமினி. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு உள்ளுக்குள்ள அது ஆங்கில எழுத்துகளின் குழப்பம். 'மிளகாய்த்தூள்' எண்டு தேடுறவருக்குப் பாமினியில எழுதின பக்கம் கிடைக்காது. யுனிகோட்டில் 1991 இல் வந்த முதல் பதிப்பிலயே தமிழ் இருந்தாலும், சாதாரணக் கணினிகளுக்கு அது வந்து சேர்ந்தது 2000க்குப் பிறகுதான். 2010 இல் '.இலங்கை' எண்டு தமிழிலயே முகவரி முடியலாம் எண்ட நிலையும் வந்தது.

இப்பவும் என்ன நடக்குது? கடையின் பெயர், விலை, ரெலிபோன் நம்பர் எல்லாத்தையும் பாமினியில அடிச்சு, வடிவான ஒரு படமா மாத்திப் போடுறம். படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை நம்பித் தேடல் இயந்திரத்திட்ட நிக்க ஏலாது. இணையத்தளத்தைத் திருத்துறது எண்டால் பலர் நினைக்கிறது நிறத்தை மாத்துறது. எங்களுக்கு முதல் திருத்தம் இதுதான்: எழுத்தை எழுத்தா எழுதுறது. அடுத்தது பக்கத்தின் பாரத்தைக் குறைக்கிறது, ஏனெண்டால் சிக்னல் விட்டு விட்டு வாற இடத்தில பெரிய படம் திறக்கமுதல் ஆள் போயிடும். மூண்டாவது, நம்பரைத் தொட்டால் கோல் போகவேணும். இந்த மூண்டுக்கும் செலவு கிட்டத்தட்ட இல்லை.

கணக்குப் போட்டுப் பாப்பம்

அக்காவின்ர உண்மைக் கணக்கை இஞ்ச போடேலாது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு. தளத்துக்கு வருசம் 36,000 ரூபா, அதாவது மாசம் 3,000. ஒரு பக்கற்றில எல்லாச் செலவும் போக மிஞ்சிறது 150 ரூபா. கூரியர் செலவு கட்டுப்படியாக, ஒரு ஓடருக்கு நாலு பக்கற். அப்ப ஒரு ஓடருக்கு லாபம் 600. விளம்பரத்தால ஒரு ஆளைப் பக்கத்துக்குக் கொண்டுவர 20 ரூபா. 250 பேரைக் கொண்டுவந்தால் 5,000 ரூபா.

பக்கம் குழப்பமா இருக்கு, நூறில ரெண்டு பேர்தான் வாங்கினம் எண்டு வைப்பம். 250 பேரில ஐஞ்சு ஓடர், 3,000 லாபம். விளம்பரத்துக்கே 5,000 போச்சு. தளச் செலவையும் சேர்த்தால் மாசம் 5,000 நட்டம். இந்த நிலையில விளம்பரத்தைக் கூட்டினால் நட்டம்தான் கூடும்.

பக்கத்தைத் திருத்தி நூறில நாலு பேர் வாங்கினால்? பத்து ஓடர், 6,000. இன்னும் 2,000 நட்டம். அந்தப் பத்துப் பேரில ஐஞ்சு பேர் அடுத்த மாசம் விளம்பரம் இல்லாமலே திரும்பி வந்தால் இன்னொரு 3,000. இப்பதான் செலவெல்லாம் போய் 1,000 ரூபா மிஞ்சுது.

இந்தக் கணக்கைப் போட்டாப் பிறகு எங்கட வாய் அடைச்சுப்போச்சு. நாங்கள் விளம்பரத்தில தொடங்கத்தான் போனம். கணக்குச் சொல்லுறது தலைகீழா. முதலில் திரும்பி வாற ஆக்களைக் கவனி. பிறகு பக்கத்தைத் திருத்து. கடைசியில விளம்பரம். திரும்பி வாறவை ஏற்கனவே அக்காவிட்ட இருக்கினம். ரொறன்ரோவில, லண்டனில, பாரிசில இருந்து ஊருக்கு வந்து போகேக்க தூள் கட்டிக்கொண்டு போறவை. அவையின்ர பெயரும் நம்பரும் ஒரு கொப்பியில கூட எழுதி வைக்கப்படேல்லை.

டொலரையும் மறக்கக்கூடாது. வெளிநாட்டுக் கம்பனிக்குக் கட்டுற விளம்பரச் செலவு கடைசியில டொலரோட கட்டுண்டது. 2022 இல் டொலர் 200 ரூபா அளவில இருந்து சில மாசத்தில 360ஐத் தொட்டது. எங்கட தூளின் விலை அப்பிடி ஏறேலாது. அந்த வருசம் பூஸ்ற்றை மட்டும் நம்பியிருந்த சின்ன வியாபாரத்துக்கு அது பெரிய அடி.

கொப்பியும் குறியீடும்

திரும்ப அக்காவிட்டப் போனம். இந்த முறை கணக்கோட போனம். "உங்கட காசு திரும்பி வருமெண்டு நாங்கள் சொல்லமாட்டம். வருதோ இல்லையோ எண்டு மூண்டு மாசத்தில நீங்களே காணலாம்" எண்டு சொன்னம். சீட்டுக் காசு தொடவேண்டாம். ஒரே ஒரு பக்கம், யுனிகோட் தமிழில: என்ன விக்கிறா, என்ன விலை, எங்க இருக்கிறா, எந்த நம்பர். பேஸ்புக்கில போடேக்க 'தூள் 1' எண்டு சொல்லிக் கேளுங்கோ எண்டு எழுதுறம், பக்கத்தில 'தூள் 2', வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு அனுப்புற வட்ஸ்அப்பில 'தூள் 3'. ஓடர் எடுக்கேக்க அக்கா கொப்பியில நம்பரைக் குறிப்பா. ஹொப்கின்ஸின் கூப்பன் நூறு வருசம் கழிச்சுத் தர்மபுரத்துக்கு வந்திருக்கு.

அவ கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "உது நான் விளங்கிற கணக்கு" எண்டா. அந்த வார்த்தை எங்களுக்குக் காணும். மூண்டு மாசம் முடிய, 'தூள் 2' நிரலில ஒண்டுமில்லாட்டில் பக்கத்தை மூடச் சொல்லி அவ சொல்லுவா, நாங்களும் மூடுவம்.

தொடக்கத்தில சொன்ன தேடலுக்கு வருவம். எங்கட ஊரின் பெயரை அடிச்சால் போர்ச் செய்தி வாறதை மறைக்கவேணும் எண்டு நாங்கள் கேக்கேல்லை. அந்த ஆஸ்பத்திரியில செத்தவையின்ர கதை அங்க இருக்கத்தான் வேணும். அது கீழ போகக்கூடாது எண்டும் எங்களில சில பேர் சொல்லுகினம், அந்த வாக்குவாதம் இன்னும் முடியேல்லை. ஆனால் அதோட சேர்த்து இஞ்ச ஆக்கள் திரும்பி வந்து இருக்கினம், மிளகாய் காய விடுகினம், இடிக்கினம், விக்கினம் எண்டதும் தெரியவேணும். அதை எழுத எங்களைத் தவிர ஆரும் வரப்போறதில்லை. அக்காவின்ர பக்கத்தில முதல் வரி இப்பிடித்தான் இருக்கு: தர்மபுரம், கிளிநொச்சி மாவட்டம், காலமை எட்டு மணிக்குத் திறப்பம்.